சுருளில் இல்லாத வெள்ளி

ஜாலான் புசார் பக்கம் ஏதாவது ஒரு வங்கியில் காசுச் சுருள்களை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு மேசையில் பிரித்துக் கொட்டித் தேடினால் வெள்ளிக்காசு ஒன்றாவது தேறுமா? தேறாது. புழக்கத்துக்கென்று சிங்கப்பூர் அடித்த காசு எதிலும் 1967 முதல் இன்றுவரை வெள்ளி கிடையாது. அமெரிக்காவில் இதே வேலையை வாராவாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெள்ளி கிடைத்துக்கொண்டும் இருக்கிறது. அங்கே மிஞ்சிய வெள்ளி இங்கே ஏன் மிஞ்சவில்லை என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. சிங்கப்பூரில் டாலரையே வெள்ளி என்றுதான் சொல்கிறோம். உலோகத்தைப் பற்றிய கட்டுரையில் அது குழப்பத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே இங்கே வெள்ளி என்றால் உலோகம் மட்டும். பணத்துக்கு டாலர், காசு.

அமெரிக்காவில் 1964 வரை அடித்த 10 காசு, கால் டாலர், அரை டாலர் மூன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. உலோகத்தின் விலை ஏறி நாணயத்தின் முகமதிப்பை எட்டிப் பிடிக்கவே, 1965 ஜூலை 23 அன்று ஜனாதிபதி ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்துக் காசும் கால் டாலரும் செம்பின் மேல் செம்பு-நிக்கல் தகடு ஒட்டிய காசுகளாயின. அரை டாலரில் மட்டும் 1970 வரை நூற்றுக்கு நாற்பது வெள்ளி நீடித்தது. அந்தச் சட்டத்தில் இரண்டு முடிவுகள் முக்கியம். பழைய காசு செல்லாது என்று அரசு அறிவிக்கவில்லை. புதிய காசின் அளவையும் மாற்றவில்லை. நாடெங்கும் இருந்த தானியங்கி விற்பனை இயந்திரங்கள் பழையதையும் புதியதையும் ஒன்றுபோல் ஏற்க வேண்டும் என்பதற்காக, மின்சோதனையில் வெள்ளியைப் போலவே நடந்துகொள்ளும் உலோகக் கூட்டைத் தேடிப் பிடித்தார்கள். இயந்திரத்தால் பிரித்தறிய முடியாத காசை வங்கியின் எண்ணும் கருவியாலும் பிரிக்க முடியாது. வெள்ளியும் செம்பும் ஒரே சுருளில் சேர்ந்தே போயின.

மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். சுருளைப் பிரித்து அடுக்கி விளிம்பைப் பார்த்தாலே போதும். புதிய காசின் விளிம்பில் செம்புக்கோடு ஓடும், வெள்ளிக்காசின் விளிம்பு வெளுத்திருக்கும். கால் டாலரானால் 5.67 கிராமுக்குப் பதில் 6.25 கிராம் நிற்கும். இந்தத் தேடலில் இறங்கியவர்கள் அதிகம் நாடுவது அரை டாலர் சுருளை. ஒரு சுருளில் 20 காசு, வங்கியிலிருந்து வரும் முழுப் பெட்டியில் 1,000. அரை டாலரை அங்கே கடையில் யாரும் நீட்டுவதில்லை. வங்கிக் கிடங்கிலேயே தூங்குகிறது. எப்போதாவது ஒரு தாத்தாவின் பெட்டகம் காலியாகும்போது, பேரப்பிள்ளைகள் பார்க்காமலேயே வங்கியில் கட்டிவிடும் காசு அந்தக் கிடங்கில் சேர்கிறது. கைமாறாத காசில்தான் வெள்ளி தப்பிப் பிழைத்தது. நல்ல பணம் பதுங்கும், மட்டப் பணம் ஓடும் என்கிற பொருளாதாரப் பாடத்துக்கு அது ஒரு விதிவிலக்கு.

அந்தப் பாடம் எழுத்துப் பிசகாமல் நடந்த இடம் மலாயா.

நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர் பெற்றிருந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசின் நிர்வாகத்தில் இருந்தன. இந்திய ரூபாயை இங்கே செல்லவைக்கக் கல்கத்தா எடுத்த முயற்சிகளை வணிகர்கள் ஏற்கவில்லை. ஸ்பானிய, மெக்சிக டாலர்தான் அவர்களுக்குக் கணக்கு. குடியேற்றங்களின் சொந்த வெள்ளிச் சில்லறை 1871இல் வந்தது: 5, 10, 20 காசு, நூற்றுக்கு எண்பது வெள்ளி. 1903இல் நீரிணை டாலர் என்ற பெரிய வெள்ளிக்காசு வந்தது. எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1906இல் அந்த டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டிவைத்தார்கள். கட்டிவைத்த கையோடு வெள்ளி விலை ஏறியது. டாலரை உருக்கினால் டாலரைவிடக் கூடக் கிடைக்கும் நிலை நெருங்கியதும், 1907இல் அதே டாலரை 20.21 கிராமாக இளைக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது தவணை முறையில் வெள்ளியைக் கழற்றும் வேலை. பத்துக் காசை மட்டும் பார்த்தால் போதும். 1909வாக்கில் நூற்றுக்கு அறுபது, முதல் உலகப்போரின் இறுதியில் 1918 முதல் 1920 வரை நாற்பது, 1926இல் மறுபடி அறுபது. மலாயா முழுவதற்குமாக 1939இல் வந்த பத்துக் காசில் எழுபத்தைந்து. போர்க்காலத்தில், 1943, 1945 ஆண்டுகள் பொறித்தவற்றில் ஐம்பது. 1948 என்று ஆண்டு பொறித்த பத்துக் காசில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். தலை மட்டும் அதே ஆறாம் ஜார்ஜின் தலை. அமெரிக்கா 1965இல் செய்ததை மலாயா பதினேழு ஆண்டு முந்திச் செய்துவிட்டது. அப்படியானால் இங்கும் பழையதும் புதியதும் கலந்துதானே ஓடியிருக்க வேண்டும்? ஓடின. ஆனால் நெடுநாள் ஓடியிருக்க முடியாது. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

1939ஆம் ஆண்டுப் பத்துக் காசின் எடை ஏறத்தாழ 2.71 கிராம். அதில் முக்கால் பங்கு, அதாவது இரண்டு கிராமும் சொச்சமும், சுத்த வெள்ளி. அந்த ஆண்டு அமெரிக்கச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 35 முதல் 43 காசு வரை விற்றது. மலாய டாலரில் மாற்றிப் பார்த்தால் பத்துக் காசுக்குள் இருந்த உலோகம் நாலைந்து காசு பெறும். உருக்குவதற்கு ஒருவருக்கும் புத்தி போகாது. 1948இல் அவுன்ஸ் 74 காசு. உள்ளே இருக்கும் வெள்ளி பத்துக் காசுக்குச் சற்றே மேல், முகமதிப்புக்குச் சரியாக வந்து நின்றது. உருக்குகிறவன் கூலியைக் கழித்தால் இன்னும் நட்டம்தான். பிறகு வந்தது 1949 செப்டம்பர். பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 4.03 அமெரிக்க டாலரிலிருந்து 2.80 டாலருக்கு ஒரே நாளில் இறக்கியது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த மலாய டாலரும் கூடவே இறங்கியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை அசையாமலே, பத்துக் காசுக்குள் இருந்த வெள்ளி 14 காசு பெறுவதாயிற்று. 1963இல் அமெரிக்காவில் வெள்ளி 1.29 டாலரைத் தொட்டபோது அதே காசுக்குள் 26 காசு இருந்தது. ஐம்பது பங்கு மட்டுமே வெள்ளியுள்ள போர்க்காலக் காசுகூட 1949இல் முகமதிப்பை உரசிக்கொண்டு நின்று, 1963இல் 17 காசுக்குப் போயிற்று.

மலாயாவின் வெள்ளியை விரட்டியது வெள்ளியின் விலை மட்டுமல்ல, லண்டன் எடுத்த ஒரு நாணய மதிப்பிறக்க முடிவும்தான் என்பது என் வாதம். அந்தப் பத்துக் காசைப் பையில் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிய வேண்டியவர்கள் வெள்ளிப் பட்டறைக்காரர்கள். கொலுசும் அரைஞாணும் குங்குமச்சிமிழும் செய்யக் கட்டியாக வெள்ளி வாங்கும் இடத்தில், அதைவிட மலிவாகக் கல்லாவிலேயே வெள்ளி கிடைத்தால் யார் விடுவார்கள்? பிரித்தெடுப்பதும் எளிது. 1945 வரையிலான காசில் மன்னரின் தலையைச் சுற்றி, ஆங்கிலத்தில், மன்னர் என்பதோடு இந்தியாவின் பேரரசர் என்ற பட்டமும் இருக்கும். இந்தியா விடுதலை பெற்றபின் வந்த 1948, 1950 காசுகளில் அந்தப் பட்டம் போய்விட்டது, வெள்ளியும் போய்விட்டது. பேரரசர் என்றிருந்தால் வைத்துக்கொள், வெறும் மன்னர் என்றிருந்தால் செலவழி. ஆறாம் ஜார்ஜின் 5, 10, 20 காசுகளைப் பொறுத்தவரை இந்த அடையாளம் இன்றும் பிசகாது. பழைய டப்பாவைக் கிளறுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக 1967 ஜூன் 12 அன்று சிங்கப்பூர், மலேசியா, புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிடத் தொடங்கிய வேளையில், வெள்ளி புழக்கத்திலிருந்து ஏற்கெனவே வடிந்துவிட்டிருந்தது. சிங்கப்பூர் வங்கிச் சுருள் என்ற ஒன்று பிறக்கும்போதே வெள்ளி இல்லாமல்தான் பிறந்தது. அமெரிக்கத் தேடலை அப்படியே இங்கே நடத்த நினைக்கிற இளைஞர்களுக்கு இந்த ஒரு செய்தி கொஞ்சம் பணத்தை மிச்சப்படுத்தும்.

சிங்கப்பூர் வெள்ளியே அடிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1972இல் கழுகு பொறித்த 10 டாலர் காசு வந்தது: 31.1 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. அப்போதைய விலையில் உள்ளே இருந்த வெள்ளி பத்து டாலரில் பாதிகூடத் தேறாது. 1974 தொடக்கத்தில் உலக வெள்ளி விலை அவுன்ஸ் 6 டாலரைத் தாண்டியபோது அந்த நிலை தலைகீழாயிற்று. 1975இல் விடுதலையின் பத்தாம் ஆண்டு நினைவாக வந்த 10 டாலர் காசு அதே எடைதான், வெள்ளி மட்டும் ஐம்பது பங்கு. 1907இல் பிரிட்டிஷ்காரர் படித்த பாடம்! இவையெல்லாம் நினைவுக்காசுகள். வாங்கியவர்கள் பெட்டியில் வைத்தார்களே தவிரக் கடையில் நீட்டவில்லை. சுருளுக்குள் வர இவற்றின் பருமனே இடம் தராது.

சரி, வெள்ளியை விடுவோம். சேகரிப்புக்குத் தகுந்த காசு சுருளில் கிடைக்குமா? இங்கே பதில் அவ்வளவு கறாராக இல்லை.

1967இன் முதல் வரிசையைக் கடல்வரிசை என்பார்கள். பத்துக் காசில் கடற்குதிரை, இருபதில் வாள்மீன், ஐம்பதில் சிங்கமீன். ஒரு காசில் மட்டும் அடுக்குமாடி வீடு. 1985இல் வந்த இரண்டாம் வரிசையில் பூவும் இலையும்: ஒரு காசில் வாண்டா மிஸ் ஜோக்கிம், பத்தில் மல்லிகை வகை, ஐம்பதில் மஞ்சள் அலமண்டா. காசின் மறுபக்கத்தில் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் வந்ததும் இந்த வரிசையில்தான். ஆகவே தமிழில் சிங்கப்பூர் என்று எழுதிய காசு நம் பையில் புகுந்து நாற்பது ஆண்டாகிறது. 2013 ஜூனில் மூன்றாம் வரிசை: ஐந்து காசில் எஸ்பிளனேட், பத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, இருபதில் சாங்கி விமான நிலையம், ஐம்பதில் துறைமுகம், ஒரு டாலரில் சிங்கமுகக் கடற்சிலை.

மூன்றாம் வரிசை எஃகின் மேல் முலாம் பூசியது. அளவும் மாறியது. மதிப்பு ஏற ஏறக் காசும் பெரிதாகும்படி புதிதாக வகுத்தார்கள். பழைய வரிசைகள் செல்லுபடியாகும் என்றாலும், காசு பிரிக்கும் இயந்திரம் விட்டத்தையும் உலோகத்தையும் பார்த்து வெவ்வேறு குழியில் தள்ளிவிடும். அமெரிக்காவில் வெள்ளியைக் காப்பாற்றியது இயந்திரத்தின் குருட்டுத்தனம். இங்கே இயந்திரத்துக்குக் கண் இருக்கிறது. வங்கிச் சுருளைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்றாம் வரிசை, அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகள்தான் கிடைக்கும். பழைய காசு வேண்டுமென்றால் சுருளைவிடக் காப்பிக்கடை மிச்சக்காசும், உண்டியலை உடைத்த பக்கத்து வீடும் நல்ல இடங்கள்.

தேடத் தகுந்தவை எவை? புருணைக் காசை முதலில் சொல்வேன். 1967 ஒப்பந்தப்படி புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் இன்றும் ஒன்றுக்கொன்று சமம், ஒரு நாட்டுக் காசு மற்ற நாட்டில் செல்லும். சுல்தானின் முகத்தோடு ஓர் இருபது காசு மிச்சத்தில் வந்தால் அது பிழையில்லை, அரை நூற்றாண்டு கடந்த ஓர் உடன்பாடு. மலேசியாவோடு இருந்த அதே ஏற்பாடு 1973 மே மாதம் முறிந்தது. ஆனால் மலேசியாவின் பழைய 20 சென்னும் 50 சென்னும் கடல்வரிசைக் காசுகளின் அதே விட்டம் என்பதால் ஒப்பந்தம் முறிந்த பிறகும் பலகாலம் இங்கே கள்ளத்தனமாய்ப் புழங்கிவந்தன. இரண்டாம் வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. தேசியச் சின்னத்தின் கீழே உள்ள நாடா, 1990களின் தொடக்கம் வரை ஒருபுறமாக வளைந்தும், பிறகு எதிர்ப்புறமாக வளைந்தும் இருக்கும். பணத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணுக்கு வேலை. கடல்வரிசை ஒரு காசில் 1976இல் வெண்கலம் போய்ச் செம்பு பூசிய எஃகு வந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றிருந்தால் பிரித்துவிடலாம். 1971இல் ஐநா உணவு, வேளாண் நிறுவனத்துக்காக அடித்த அலுமினிய ஐந்து காசைக் கையில் வைத்தால் எடையே தெரியாது. எங்காவது தென்பட்டால் விடக்கூடாது.

பழங்காசு தேடுவோருக்கு ஜாலான் புசாரில் ஒருகாலத்தில் வங்கியைவிடப் பெரிய இடம் ஒன்று இருந்தது. ரோச்சோர் வாய்க்கால் ஓரம் 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு சந்தை. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கியது. தரையில் விரித்த துணியில் கைக்கடிகாரம், பழைய வானொலி, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே தட்டு நிறையக் காசு. நீரிணைக் குடியேற்றக் காசு, ஜப்பானியர் காலத்து வாழைமரத் தாள், விக்டோரியா தலை ரூபாய் எல்லாம் ஒரே தட்டில் கிடக்கும். வங்கிச் சுருளில் தேடுகிறவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, எதுவும் கிடைக்காவிட்டாலும் போட்ட முகமதிப்பு திரும்பிவிடும். சுங்கை ரோட்டில் அது இல்லை. 1903ஆம் ஆண்டு டாலர் என்று வாங்கியது ஈயமாக இருக்கலாம். நிறுத்துப் பார்க்கச் சின்னத் தராசு கொண்டுபோனவர்தான் பிழைத்தார். 2011இல் எம்ஆர்டி ரயில் நிலைய வேலைக்காகச் சந்தையின் பரப்பைக் குறைத்தார்கள். 2017 ஜூலை 10 கடைசி நாள். அதே ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் நிலையம் திறந்தது. விற்றவர்கள் பல இடங்களுக்குச் சிதறிப் போனார்கள். இத்தனை பேரம், இத்தனை மோசடி, இத்தனை அறிவு ஒரே தெருவில் சேர்ந்திருந்த இடம் அதற்குப் பிறகு அமையவில்லை. நகரம் இழந்ததில் இதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

சுருள் தேடலின் செலவுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் தன் வாடிக்கையாளருக்கு வங்கி சுருளைப் பல இடங்களில் முகமதிப்புக்கே கொடுக்கிறது. தேடி முடித்த காசை இன்னொரு கிளையில் கட்டிவிடலாம். சிங்கப்பூர் வங்கிகள் மொத்தமாகக் காசு கொடுப்பதற்கும் கட்டணம் வைத்திருக்கின்றன, கட்டுவதற்கும் வைத்திருக்கின்றன. ஐந்து காசுச் சுருளைப் பொறுத்தவரை அந்தக் கட்டணமே தேடலைத் தின்றுவிடும். காசின் சுமையை இங்கே எல்லோரும் அறிவார்கள். 2014இல், ஜாலான் புசாரிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் சதுக்கத்தில், ஒரு கைப்பேசிக் கடை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகையைச் சில்லறைக் காசாக மூட்டைகட்டிக் கொடுத்து ஊர் முழுவதும் வசை வாங்கியது. அங்கே காசு தண்டனையாகப் பயன்பட்டது.

இந்தியாவிலிருந்து வந்து தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தொழிலாளர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறொரு கதை வரும். ஊரிலிருக்கும் அம்மாவின் கைப்பேசிக்கு, பழைய ஐந்து ரூபாய்க்காசு இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று செய்தி வந்திருக்கும். வைஷ்ணோ தேவி உருவம் உள்ள காசு என்பார்கள். அந்த உருவம் 2012இல் 5, 10 ரூபாய்க் காசுகளில் ஏராளமாக வந்தது, அபூர்வமே இல்லை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பழைய காசும் தாளும் வாங்குவதாக ஏமாற்றுகிறவர்களை நம்பவேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவது குற்றம், ஏழாண்டு வரை சிறை உண்டு. அந்தக் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2007இல் கொல்கத்தாவில் சில்லறைப் பஞ்சம் வந்தபோது, ஒரு ரூபாய்க்காசு வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடாக மாறுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மலாயாவில் பத்துக் காசு கொலுசானதற்கும் இதற்கும் உலோகம்தான் வேறு.

இந்தியக் காசில் விளையாட்டாகத் தேட ஒன்று உண்டு. ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. ஊருக்குப் போய்வந்த பையின் ஓரத்தில் சிக்கிய சில்லறையிலேயே நான்கு ஆலைகளையும் சேர்த்துவிடலாம். அதற்கு வங்கியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

பிரிட்டனில் வெள்ளி 1947இலேயே போய்விட்டது. அங்கே சுருள் தேடுகிறவர்கள் 2009ஆம் ஆண்டுக் கியூ தோட்ட ஐம்பது பென்ஸைத் தேடுகிறார்கள். புழக்கத்துக்கென்று அடித்தது 2,10,000 மட்டும், அத்தனையும் சாதாரணச் சில்லறையாகவே விடப்பட்டவை. சிங்கப்பூர் இந்த வழியில் போகவில்லை. இங்கே சிறப்புக் காசு வந்தால் வரிசையில் நின்று வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். 2023இல் லீ குவான் இயூ நூற்றாண்டுக்காக வந்த பொன்னிற 10 டாலர் காசுக்கு விண்ணப்பம் குவிந்ததால், அடிக்கும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருந்தது. செல்லத்தக்க பணம்தான், ஆனால் அதைக் கொடுத்துப் பரோட்டா வாங்கியவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் பத்திரப்படுத்திய காசு சுருளுக்கு வராது, விலையும் ஏறாது. கியூ தோட்டக் காசுக்கு விலை வந்ததற்குக் காரணம், வெளியான ஆண்டில் அதைப் பெரும்பாலோர் கவனிக்காமல் செலவழித்ததுதான். சிங்கப்பூரில் அப்படிக் கவனிக்காமல் செலவழிவது சாதாரண ஆண்டுக்காசு மட்டும். எதிர்காலத்துக்காக இன்றே சுருளில் தேடுகிறவர் அதிலும் தேயாத, கீறலில்லாத, அச்சு திரும்பிவிட்ட, மையம் விலகிய காசுகளை எடுத்துவைப்பதே புத்தி.

வெள்ளிதான் வேண்டும் என்கிறவர் வங்கிக்குப் போகாமல் பாட்டியின் வெற்றிலைப்பெட்டியைக் கேட்கலாம். 2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸ் 50 அமெரிக்க டாலரைத் தாண்டியது, 1980இன் உச்சத்தையும் மீறிவிட்டது. அந்த விலையில் பேரரசர் பட்டமுள்ள 1939ஆம் ஆண்டுப் பத்துக் காசுக்குள் மூன்று அமெரிக்க டாலருக்குமேல் வெள்ளி இருக்கிறது. தேய்ந்த காசுக்குச் சேகரிப்பவர் தரும் விலையும் அதையொட்டித்தான் இருக்கும். விற்பதற்கு முன் ஆண்டைப் படித்துவிடுங்கள். 1871 என்றிருந்தால் தராசை எடுத்து வைத்துவிட்டு, நாணயம் அறிந்தவரிடம் போங்கள்.